மதிலுக்குப் பின்னால் நடப்பவர்கள்



இந்த ஆண்டு அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்டது பிளேட்டோவின் குகை உருவகம். 'குடியரசு' நூலின் ஏழாம் பகுதி இதில்தான் தொடங்குகிறது. எழுதப்பட்டு ஏறத்தாழ 2,400 ஆண்டுகள் ஆகின்றன. தத்துவம் படிக்கப் போகிறவர்களுக்கு உலகெங்கும் முதலில் சொல்லித்தரப்படும் கதை என்பதால் உங்களில் பலருக்கும் தெரிந்திருக்கும். அந்தக் கதையில் பெரும்பாலோர் வேகமாகக் கடந்துபோகிற ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தில் நின்றுகொண்டு, இந்தத் தருமபுரி மாவட்டத்தில் நடந்த ஒன்றைப் பார்க்க வேண்டும் என்பதே என் நோக்கம்.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். சொல்பவர் சாக்ரடீஸ், கேட்பவர் பிளேட்டோவின் சகோதரர் கிளாக்கன். பூமிக்கு அடியில் ஒரு குகை. அதற்குள் சிறுவயது முதல் காலிலும் கழுத்திலும் விலங்கு பூட்டப்பட்ட மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். தலையைத் திருப்ப முடியாது. எதிரே இருக்கும் சுவர் ஒன்றைத்தான் பார்க்க முடியும். அவர்களுக்குப் பின்னால் உயரத்தில் நெருப்பு எரிகிறது. நெருப்புக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு பாதை. பாதையை ஒட்டி ஒரு குட்டை மதில். பாவைக்கூத்துக்காரர்கள் தங்களுக்கு முன் கட்டும் திரையோடு அந்த மதிலைப் பிளேட்டோவே ஒப்பிடுகிறார். மதிலுக்குப் பின்னால் ஆட்கள் நடக்கிறார்கள். மனித உருவம், விலங்கு உருவம், பலவகைப் பொருள்கள் என்று கல்லிலும் மரத்திலும் செய்தவற்றை மதிலுக்கு மேலே தெரியும்படி தூக்கிப் போகிறார்கள். சிலர் பேசுகிறார்கள், சிலர் பேசாமல் போகிறார்கள். விலங்கிட்டவர்கள் காண்பது அந்தப் பொருள்களின் நிழலை. எதிரொலியைக் கேட்டு, நிழலே பேசுவதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

ஒருவனை அவிழ்த்துவிட்டால் என்ன ஆகும்? திரும்பி நெருப்பைப் பார்க்கும்போது கண் வலிக்கும். பழைய நிழலே மேல் என்று தோன்றும். கரடுமுரடான ஏற்றத்தில் யாரோ அவனை இழுத்துக்கொண்டு போய் வெயிலில் விட்டால், முதலில் எதுவுமே தெரியாது. பிறகு நிழல்கள், பிறகு தண்ணீரில் தெரியும் உருவங்கள், பிறகு பொருள்கள், இரவு வானம், கடைசியில் சூரியன். அவன் திரும்பவும் குகைக்குள் இறங்கி வந்தால் இருட்டில் தடுமாறுவான். மேலே போனவனுக்குக் கண்ணே கெட்டுப்போயிற்று என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். தங்களை அவிழ்த்துவிட வருகிறவன் கையில் அகப்பட்டால் கொன்றும் போடுவார்கள்.

வழக்கமாக இந்த விலங்கிட்டவர்களையும் வெளியே போனவனையும் பற்றித்தான் பேசுவோம். மதிலுக்குப் பின்னால் நடப்பவர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அவர்கள் யார்? விலங்கிடப்படாமல் ஏன் இருக்கிறார்கள்? எந்த உருவத்தைத் தூக்குவது, எப்போது தூக்குவது என்று யார் முடிவு செய்கிறார்கள்? பிளேட்டோ சொல்லவில்லை. இருந்தாலும் அவர்களைக் கதைக்குள் வைத்திருக்கிறார். வெறும் இருட்டைக் காட்ட அவருக்கு ஒரு குகை போதுமாக இருந்திருக்கும். நெருப்பும் மதிலும் ஆட்களும் வைத்ததால் அது ஏற்பாடு செய்யப்பட்ட அறியாமை ஆகிறது.

அறியாமை எல்லாமே அப்படிப்பட்டதில்லை. இந்த மாவட்டத்து மக்கள் பல தலைமுறைகளாகக் குடித்துவந்த நிலத்தடி நீரை எண்ணிப் பாருங்கள். பாறையிலிருந்து கரைந்து வரும் ஃபுளோரைடுக்கு அந்த அளவில் நிறமும் இல்லை, மணமும் இல்லை, நாக்கிலும் தெரியாது. தண்ணீர் பளிங்கு போல இருக்கும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குழந்தைகளின் பல்லில் கறை ஏறும். அளவு கூடக்கூட, ஆண்டுகள் போகப்போக, எலும்பும் மூட்டும் கெடும். ஒரு ஊரில் எல்லோருக்கும் பல் பழுப்பாக இருந்தால் யாருக்கும் அது நோயாகத் தோன்றாது. வேறு பல்லைப் பார்த்தால்தானே கேள்வி எழும்? ஜப்பானிய நிதியுதவியோடு கட்டப்பட்டு 2013இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்ற சொல் இருக்கிறது. அந்த அறியாமைக்குப் பாறைதான் காரணம். மதிலுக்குப் பின்னால் யாரும் நடக்கவில்லை. ஆராய்ச்சியும் குழாயும் காவிரித் தண்ணீரும் அதைத் தீர்க்கும்.

வாச்சாத்தி வேறு வகை.

அரூர்ப் பக்கம் சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் ஊர். பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள். 1992 ஜூன் 20 அன்று 155 வனத்துறையினர், 108 காவல்துறையினர், 6 வருவாய்த்துறையினர் என மொத்தம் 269 பேர் சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று அந்த ஊருக்குள் போனார்கள். கிடைத்தவர்களை எல்லாம் ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தார்கள். அங்கிருந்து 18 பெண்களைத் தனியே பிரித்து, ஒளித்துவைத்த கட்டைகளைக் காட்டச் சொல்லி ஏரிப்பக்கம் கொண்டுபோய்ப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அவர்களில் சிறுமியும் உண்டு. பிறகு ஊர்ப் பெண்களை அரூர் வனத்துறை அலுவலகத்துக்குக் கொண்டுபோனார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன, தானியமும் ஆடுமாடும் போயின, கிணறுகள் பாழாக்கப்பட்டன. 90 பெண்கள், 28 குழந்தைகள் உட்பட 133 பேர் சேலம் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். தப்பியவர்கள் மலைக்கு ஓடி மாதக்கணக்கில் காட்டில் கிடந்தார்கள். ஊர் ஆளில்லாமல் கிடந்தது.

வெளியுலகம் அன்று என்ன பார்த்தது? 'சந்தனக் கடத்தல்காரர்கள்' என்ற ஓர் உருவத்தைப் பார்த்தது. வீரப்பன் வேட்டை நடந்துகொண்டிருந்த காலம். சந்தன மரம் என்றால் மலையடி ஊர், மலையடி ஊர் என்றால் கடத்தல்காரன் என்ற வரிசை எல்லோர் மனதிலும் படிந்திருந்தது. குகைக்குள் ஒரு போட்டி நடக்கும் என்று பிளேட்டோ சொல்லுவார்: எந்த நிழலுக்குப் பின் எந்த நிழல் வரும் என்று சரியாகச் சொல்கிறவனுக்குப் பாராட்டும் பரிசும். அலுவலகக் கோப்பில் கைதேர்ந்தவரின் அறிவு பல நேரம் இந்த வகைதான். மரம் குறைந்தது, ஆகவே சோதனை. சோதனை நடந்தது, ஆகவே எதிர்ப்பு. எதிர்ப்பு வந்தது, ஆகவே கைது. ஒரு தாளுக்கு அடுத்த தாள் பிசகாமல் வரும். எந்தத் தாளிலும் ஏரிக்கரை வராது.

1992 ஜூலையில் தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தின் பெ. சண்முகமும் தோழர்களும் செய்தி தெரிந்து ஊருக்குப் போனார்கள். மார்க்சிஸ்ட் கட்சியின் அன்றைய மாநிலச் செயலாளர் ஏ. நல்லசிவன் முதலமைச்சருக்கு எழுதினார்; உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்; அங்கிருந்து உயர் நீதிமன்றத்துக்கு வந்தார். அரசு மறுத்தது. பொறுப்புள்ள அரசு அலுவலர்கள் இப்படியெல்லாம் செய்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற கருத்தோடு அவருடைய மனு ஒரு கட்டத்தில் தள்ளுபடியும் ஆனது.

இந்த நம்ப முடியாமையைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். அதில் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. படித்தவர்கள், சீருடை அணிந்தவர்கள், தேர்வெழுதிப் பதவிக்கு வந்தவர்கள் இதைச் செய்யமாட்டார்கள் என்று நல்லெண்ணத்தோடுதான் நம்பினார்கள். தன்னைப் போன்றவர் சொல்வது இயல்பாகவே உண்மையாகக் கேட்கிறது. தன்னைப் போல் இல்லாதவர் சொல்வது மிகையாகக் கேட்கிறது. கழுத்து விலங்கு என்பது இதுதான். கண்ணில் எந்தக் கோளாறும் இல்லாத ஒருவரால் ஒரு பக்கம் மட்டும் பார்க்க முடியாமல் போவது.

பிளேட்டோ இந்த உருவகத்தைக் கல்வி பற்றியது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். கதை முடிந்த பிறகு கல்வியைப் பற்றி அவர் சொல்வது எனக்கு நூலின் மிக உயர்ந்த இடமாகப் படுகிறது. குருட்டுக் கண்ணில் பார்வையைப் புகுத்துவது போல அறிவைப் புகுத்தலாம் என்று சிலர் நினைக்கிறார்கள், அது தவறு, பார்வை ஏற்கெனவே இருக்கிறது, அது தவறான திசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, கண்ணை மட்டும் திருப்ப முடியாது, உடம்போடு சேர்த்துத்தான் திருப்ப வேண்டும், அதுபோல ஆன்மா முழுவதையும் திருப்புவதே கல்வி. இதுதான் அவர் வாதம். பட்டம் வாங்கிய ஒருவர் திரும்பாமலே இருக்கலாம். பள்ளிக்கூடமே போகாத ஒருவர் திரும்பியிருக்கலாம். இரண்டாவதைப் பிளேட்டோ ஒப்புக்கொள்வாரா என்பது சந்தேகம். அவருடைய திட்டத்தில் கணிதம், வடிவியல், வானியல், தர்க்கம் என்று ஏறி, 15 ஆண்டுகள் நிர்வாகத்தில் பழகி, 50 வயதில்தான் ஒருவர் நன்மை என்பதைக் காணத் தகுதி பெறுகிறார். குகையில் இருப்பவர்கள் பாமரர்கள், வெளியே வருபவர் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்பது அவருடைய அடிப்படை.

வாச்சாத்தியில் அது தலைகீழாக இருந்தது. நடந்ததை உள்ளபடி அறிந்தவர்கள் அங்கிருந்த பெண்கள். அவர்களுக்கு எந்த ஏற்றமும் தேவைப்படவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவை சென்னையிலும் மாவட்டத் தலைநகரிலும் இருந்த அலுவலகங்கள், நாளிதழ் வாசிக்கும் நம் வீடுகள். ஏற்றம் நமக்குத்தான் இருந்தது. அந்தப் பெண்கள் நம்மை இழுத்துக்கொண்டு ஏறினார்கள்.

எவ்வளவு நீண்ட ஏற்றம் என்று பாருங்கள். 1992 ஆகஸ்டில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் தேசிய ஆணையத்தின் தென்மண்டல அதிகாரி பாமதி ஊருக்கு நேரில் வந்து விசாரித்து, மக்கள் சொல்வது உண்மை என்று அறிக்கை கொடுத்தார். அவரும் ஓர் அரசு அலுவலர்தான் என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது. அதே நாற்காலி, அதே படிப்பு. அவர் திரும்பிப் பார்த்தார். இருந்தும் உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது 1995 பிப்ரவரி 24 அன்றுதான். 1996இல் 269 பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது. அடையாள அணிவகுப்பில் பெண்கள் தங்களைச் சிதைத்தவர்களின் முகத்துக்கு நேரே நின்று இவர், இவர் என்று காட்டினார்கள். வழக்கு நீதிமன்றம் மாறி நீதிமன்றம் போனது. ஒவ்வொரு முறையும் அதே நாளை அவர்கள் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் குறுக்கு விசாரணை செய்தார்கள். இடையில் பேரம் வந்திருக்கும், மிரட்டல் வந்திருக்கும், கல்யாணம் காட்சி என்று வாழ்க்கையும் கூப்பிட்டிருக்கும். அவர்கள் சொன்னதை மாற்றவில்லை.

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி முதன்மை அமர்வு நீதிமன்றத்தில் நீதிபதி குமரகுரு தீர்ப்பளித்தார். அதற்குள் 269 பேரில் 54 பேர் இறந்துவிட்டார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது: 126 வனத்துறையினர், 84 காவல்துறையினர், 5 வருவாய்த்துறையினர். வன்கொடுமைக் குற்றத்தில் 17 பேர். அவர்களில் 12 பேருக்கு 10 ஆண்டு, 5 பேருக்கு 7 ஆண்டு சிறை. இந்திய வனப்பணி அதிகாரிகள் நால்வரும் தண்டிக்கப்பட்டவர்களில் இருந்தார்கள். மேல்முறையீட்டில் இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள். 2023 மார்ச்சில் உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் வாச்சாத்திக்கே நேரில் வந்து இடங்களைப் பார்த்தார், மக்களோடு பேசினார். 2023 செப்டம்பர் 29 அன்று மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தார். பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு, அதில் பாதியை வன்கொடுமைக் குற்றவாளிகளிடம் வசூலிக்க வேண்டும். அவர்களுக்கோ குடும்பத்தினருக்கோ வேலை அல்லது சுயதொழில் வாய்ப்பு. அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார். உண்மையான கடத்தல்காரர்களையும் அவர்களுக்குப் பின்னால் இருந்த பெரிய ஆட்களையும் காப்பாற்றுவதற்காகவே இந்த மக்கள் பலியாக்கப்பட்டார்கள் என்பது அந்தத் தீர்ப்பின் முக்கியமான கண்டறிதல்களில் ஒன்று.

நான் தொடக்கத்தில் சொன்ன இடத்துக்கு இந்தக் கண்டறிதல் நேரே கொண்டுபோகிறது. மதிலுக்குப் பின்னால் நடந்தவர்கள் யார் என்ற கேள்விக்கு ஒரு நீதிமன்றம் விடை சொல்லியிருக்கிறது. சந்தனம் மலையிலிருந்து தானாக நடந்து நகரத்துக்குப் போகாது. வெட்டுகிறவன் இருந்தால் வாங்குகிறவன் உண்டு, ஏற்றுகிறவன் உண்டு, சோதனைச் சாவடியில் கண்ணை மூடிக்கொள்கிறவன் உண்டு. வெட்டுக்கூலி வாங்கியவனின் ஊரை மட்டும் நெருப்புக்கு முன்னால் தூக்கிக் காட்டினால், மற்ற எல்லோரும் இருட்டில் இருந்துவிடலாம்.

பேராசிரியர் யாரேனும் இங்கே மறுக்கக்கூடும். குகை உருவகம் செய்தி சரியா தவறா என்பதைப் பற்றியது அல்ல. கண்ணால் காணும் உலகம் முழுவதுமே நிழல், அறிவால் மட்டும் காணக்கூடிய மாறாத வடிவங்களே மெய் என்பதுதான் பிளேட்டோவின் கொள்கை. வாச்சாத்தியும் தீர்ப்பும்கூட அவருக்குக் குகைக்குள் நடப்பவைதான். நியாயமான மறுப்பு. ஆறாம் பகுதியின் முடிவில் வரும் சூரியன் உவமையையும் கோட்டு உவமையையும் சேர்த்துப் படித்தால் அதுவே சரியான வாசிப்பு. ஆனால் இறங்கி வருகிறவனைப் பற்றிப் பேசும்போது, நீதிமன்றங்களில் நீதியின் நிழல்களைப் பற்றி, நீதியையே ஒருநாளும் கண்டிராதவர்களோடு அவன் வழக்காட நேரும் என்றும் பிளேட்டோ எழுதுகிறார். அந்த வரியை எழுதும்போது அவர் நினைவில் இருந்தது கி.மு. 399ஆம் ஆண்டு ஏதென்ஸ் நீதிமன்றம் என்பதில் எனக்கு ஐயமில்லை. பெரும்பான்மை வாக்கில் அவருடைய ஆசிரியர் சாக்ரடீஸுக்கு நஞ்சு கொடுக்கத் தீர்ப்பான இடம் அது. வடிவங்களின் உலகத்தை அவர் தேடிப் போனதற்கு இந்த மண்ணில் ஒரு நீதிமன்றத்தில் பட்ட காயமும் காரணம். அதனால் அவருடைய குகையை ஒரு நீதிமன்றக் கட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் படிப்பது அவருக்குச் செய்யும் துரோகமாகாது.

ஏதென்ஸில் ஒருவர் தனியாக நின்றார். வாச்சாத்தியில் 18 பேர், அவர்களோடு ஓர் ஊர், ஊருக்குப் பின்னால் ஒரு சங்கம், வழக்கறிஞர்கள், ஓர் ஆணைய அதிகாரி. வெளியேறுகிறவனைத் தனி ஆளாகவே பிளேட்டோ வரைந்தது இன்னொரு குறை என்று எனக்குப் படுகிறது. தனி ஆளைக் குகை எளிதாகக் கொன்றுவிடும். ஒருவர் தளரும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதற்கு ஊர் வேண்டும்.

பிளேட்டோவிடம் நாம் கடன் வாங்க வேண்டியது இன்னொன்று உண்டு. வெளியே போய் வெளிச்சத்தைக் கண்டவர்கள் அங்கேயே தங்கிவிடக் கூடாது, கீழே இறங்கி வந்து விலங்கிட்டவர்களோடு உட்கார வேண்டும், இருட்டில் பார்க்கக் கண்ணைப் பழக்கிக்கொண்டு அவர்களை ஆள வேண்டும் என்று அவர் வற்புறுத்துகிறார். ஆளும் வேலைக்கு ஆசைப்படாதவர்தான் அதற்குத் தகுதியானவர் என்பதும் அவர் கருத்து. வாச்சாத்திப் பெண்கள் மேலே இருந்து கீழே வர வேண்டியதில்லை. நாம் அவர்களை எங்கே உட்கார வைக்கிறோம் என்பதே கேள்வி. இதுவரை சாட்சிக் கூண்டில் நிற்க வைத்தோம், இழப்பீட்டுப் பட்டியலில் எழுதினோம். ஆசிரியர் இருக்கையில் உட்கார வைக்கவில்லை.

கோயம்புத்தூரில் தமிழ்நாடு வனப் பயிற்சிக் கழகம் இருக்கிறது. வண்டலூரை அடுத்த ஊனமாஞ்சேரியில் காவலர் பயிற்சிக் கழகம் இருக்கிறது. அங்கே பயிற்சிக்கு வரும் இளைஞர்கள் இந்தக் கல்லூரியைப் போன்ற கல்லூரிகளிலிருந்து போகிறவர்கள். சட்டப் பிரிவுகளை அவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு அந்தப் பாடத்தில் ஒரு பக்கம் இருக்கும். அந்தப் பக்கத்துக்குப் பதிலாக ஒரு பகல் முழுதும், விருப்பமுள்ள வாச்சாத்திக்காரர்கள் அந்த வகுப்பில் பேச வேண்டும். பயிற்சி முடிவதற்குள் ஒவ்வொரு அணியும் வாச்சாத்திக்கு வந்து, ஆலமரத்திலிருந்து ஏரி வரை நடந்து, ஊர்க்காரர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டுப் போக வேண்டும். பேச வருகிறவர்களுக்கு வருகைப் பேராசிரியருக்குக் கொடுக்கும் மதிப்பூதியமும் கொடுக்க வேண்டும். 2011, 2023 ஆகிய இரண்டு தீர்ப்புகளும் எளிய தமிழில் பாடநூலாக வர வேண்டும். அந்த மொழிபெயர்ப்பை இந்தக் கல்லூரியின் தமிழ்த் துறையும் தத்துவ ஆர்வலர்களும் சேர்ந்து எடுத்துச் செய்யலாம். இந்தச் சொற்பொழிவுக்கு எனக்கு அளித்த மதிப்பூதியத்தை அதற்கு முதல் தொகையாகத் திருப்பித் தருகிறேன். அரசுக்கு அனுப்ப வேண்டிய கோரிக்கையின் வரைவு மேடையில் இருக்கிறது. கேள்வி நேரத்தில் முதலில் அதை வாசித்து, திருத்த வேண்டியதைத் திருத்துவோம்.